7. சக்கரம் எவ்வளவு சாய வேண்டும்?

சென்ற அத்தியாயத்தின் முடிவில், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த நான்கு காயிலோவர்களையும் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கிவிட்டோம். ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவில் நான்கு விரல் நுழைந்த இடத்தில் இப்போது இரண்டரை விரல்தான் நுழைகிறது. பார்க்க அழகுதான். இந்தக் கட்டத்தில்தான் பலர் சாவியை எடுத்துக்கொண்டு ஒரு நீண்ட சுற்றுக்குக் கிளம்புகிறார்கள். போகலாம், ஆனால் நாலைந்து தெரு மட்டும். ஸ்பிரிங்குகளும் ரப்பர்களும் தங்கள் இடத்தில் உட்கார அந்தச் சின்ன ஓட்டம் தேவை. அதற்கு மேல் இந்த வண்டி இன்னும் ஓட்டுவதற்குத் தயாராகவில்லை. உயரத்தைக் குறைத்த கணத்திலேயே சக்கரங்களின் சாய்வும் நேர்கோடும் நம்மைக் கேட்காமலே மாறிவிட்டன.

இந்த நூலின் மற்ற அத்தியாயங்களைப் போலவே இங்கும் நம் மாதிரி வண்டி முதல் தலைமுறை டொயோட்டா 86. 2012இல் வந்தது. சுபாருவும் டொயோட்டாவும் சேர்ந்து உருவாக்கி, ஜப்பானின் குன்மா மாநிலத்தில் உள்ள சுபாரு ஆலையில் தயாரித்த வண்டி. இதன் இரட்டைதான் சுபாரு பி.ஆர்.இசட். இந்தியாவில் டொயோட்டா இதை விற்கவில்லை. மலேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் வாழும் தமிழ் வாசகர்கள் பலருக்கு இது பக்கத்து வீட்டு வண்டி. நான் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. இதன் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்டிரட், பின்பக்கம் டபுள் விஷ்போன். ஒரே வண்டியில் இரண்டு வேறு இயல்புகள் இருப்பதால், இதைப் புரிந்துகொண்டால் வேறு எந்த வண்டியின் அடியில் படுத்தாலும் தடுமாற்றம் இருக்காது.

கேம்பர் என்றால் என்ன என்பதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். வண்டியின் எதிரே நின்று பார்க்கும்போது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ், வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ், செங்குத்தாக நின்றால் பூஜ்யம். நமக்கு வேண்டியது நெகட்டிவ். எவ்வளவு வேண்டும் என்பதில்தான் சண்டையே.

சண்டை எங்கிருந்து வருகிறது என்றால், எல்லோரும் நிற்கும் வண்டியின் சாய்வைப் பற்றிப் பேசுகிறார்கள். டயருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வலப்பக்கம் திரும்பும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உடல் இடப்பக்கம் சரிகிறது, எடையில் பெரும்பகுதி இடப்பக்கச் சக்கரங்களின் மேல் விழுகிறது. உடலோடு சேர்ந்து அந்தச் சக்கரமும் வெளிப்பக்கம் சாய்கிறது. நிற்கும்போது சரியாகச் செங்குத்தாக இருந்த சக்கரம், வளைவின் நடுவில் டயரின் வெளித்தோளில் நின்றுகொண்டு கதறுகிறது. முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்தால், வளைவில் அது நிமிர்ந்து, டயரின் முழு அகலமும் தரையில் படும். ஆக, நாம் வைப்பது முன்பணம். வளைவு அதைச் செலவு செய்யும். வளைவின் நடுவில் கணக்கு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றால் போதும். அளவு தெரியாமல் அதிக முன்பணம் கட்டியவர், நேர்ச்சாலையில் ஒவ்வொரு பிரேக்கிலும் வட்டி கட்டுவார். டயரின் உள்தோள் மட்டும் தரையைப் பிடித்திருக்கும்போது நிறுத்தும் தூரம் நீள்கிறது, மழையில் இன்னும் நீள்கிறது.

இதிலிருந்து பலர் கவனிக்காத ஒன்று வருகிறது. காயிலோவரின் ஸ்பிரிங் பழைய ஸ்பிரிங்கைவிடக் கடினமானது. கடினமான ஸ்பிரிங்கில் உடல் குறைவாகச் சரியும். குறைவாகச் சரியும் வண்டிக்கு முன்பணமும் குறைவாகப் போதும். மென்மையான ஸ்பிரிங்கில் பந்தயத் தடத்தில் ஓடிய நண்பரின் எண்ணை வாங்கிவந்து, கடின ஸ்பிரிங் போட்ட தெரு வண்டியில் வைப்பது மூக்குக் கண்ணாடியை இரவல் வாங்குவது மாதிரி.

முன்பக்கம் ஒரு கதை, பின்பக்கம் வேறு கதை

வண்டியை 25 மில்லிமீட்டர் இறக்கினால் கேம்பர் தானாகவே வந்துவிடும் என்று சொல்வார்கள். பின்பக்கம் உண்மை. டபுள் விஷ்போனில் மேல் கை கீழ்க் கையைவிடக் குட்டை. சக்கரம் மேலே ஏறும்போது குட்டைக் கை சிறிய வட்டத்தில் சுழன்று சக்கரத்தின் தலையை உள்ளே இழுக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பின்சக்கரம் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் உள்ளே சாய்ந்திருக்கும். 25, 30 மில்லிமீட்டர் இறக்கியதும் மைனஸ் 2ஐ நெருங்கிவிடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முன்பக்கம் அப்படி இல்லை. 1940களில் ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்த இந்த ஸ்டிரட்டில் மேல் கை என்ற ஒன்றே கிடையாது. ஷாக் அப்சார்பரே மேல் கையின் வேலையையும் செய்கிறது. கீழே ஒரு கை, மேலே உடலில் ஒரு பிடிமானம், அவ்வளவுதான். மலிவு, இடமும் குறைவாக எடுக்கும். ஆனால் சக்கரம் மேலே ஏறும்போது கிடைக்கும் கூடுதல் சாய்வு மிகக் குறைவு. கீழ்க் கையின் வெளிமுனை தாழ்ந்திருக்கும் வரை கொஞ்சம் கிடைக்கும். வண்டியை இறக்க இறக்க அந்தக் கை கிடைமட்டமாகி, அதையும் தாண்டி வெளிமுனை மேல்நோக்கிப் போகிறது. கையும் ஸ்டிரட்டும் செங்கோணத்தில் சந்திக்கும் நிலை வந்ததும் ஆதாயம் நின்றுவிடும். அதற்கு மேல் இறங்கினால் சக்கரம் ஏற ஏற இருந்த சாய்வும் பறிபோகும். தரையோடு தரையாக இறக்கிய வண்டி வளைவில் மோசமாகப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, ரோல் சென்டர் எனப்படும் சரிவு மையம் வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுவது. அதனால் உடலைச் சரிக்கும் நெம்புகோல் நீளமாகிறது. கடின ஸ்பிரிங் வாங்கிய காசு அதை ஈடுகட்டவே போய்விடும். அழகுக்காக இறக்குகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஓட்டுவதற்காக என்றால் 86இல் 25 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆக, இறக்கியதும் வண்டியின் நிலை என்ன? தொழிற்சாலை அளவில் முன்சக்கரம் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. இப்போது அரை டிகிரி கூடியிருந்தாலே அதிகம். பின்சக்கரம் மைனஸ் 2க்குப் பக்கத்தில். பின்பக்கம் தரையைக் கவ்விப் பிடிக்கிறது, முன்பக்கம் வழுக்குகிறது. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு வளைவின் வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து காயிலோவர் போட்ட பிறகு, "பழைய சஸ்பென்ஷனே தேவலாம் போல" என்று முணுமுணுப்பவர்களின் வண்டியில் பத்துக்கு எட்டு இதுதான் கோளாறு. காயிலோவர் மேல் குற்றம் இல்லை. முன்சக்கரத்தை யாரும் சாய்க்கவில்லை.

எதை முதலில் தொடுவது

உயரம் முதலில், கேம்பர் அடுத்து, டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கடைசியில். இந்த வரிசையை மாற்றவே கூடாது. உயரத்தைத் தொட்டால் கேம்பரும் டோவும் மாறும். கேம்பரைத் தொட்டால் டோ மாறும். டோவைத் தொட்டால் மற்ற இரண்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வரிசை தெரியாமல் வேலை செய்பவர் ஒரே போல்ட்டை நான்கு முறை கழற்றுவார்.

உயரத்தை அளக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. கீழ்க் கைகளின் உள்முனையில் உள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டி தன் எடையில் சக்கரங்களின் மேல் நிற்கும்போது மறுபடி முடுக்க வேண்டும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முடுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு ஒரு கூடுதல் ஸ்பிரிங்காக வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். நீங்கள் வைத்த உயரம் பொய்யாகிவிடும். சில மாதங்களில் அந்த ரப்பர் கிழியவும் செய்யும். சக்கரங்களுக்கு அடியில் பலகை அடுக்கி, வண்டியைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்திக்கொண்டால் ஸ்பேனர் நுழைய இடம் கிடைக்கும்.

தரை மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணால் பார்த்தால் எல்லாத் தரையும் மட்டம்தான். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, நான்கு சக்கரங்கள் நிற்கும் இடங்களையும் ஒப்பிடுங்கள். தாழ்ந்த இடத்தில் டைல்ஸ் துண்டுகளை அடுக்கி மட்டப்படுத்துங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் நடுவில் 10 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தாலே அளவில் கால் டிகிரிக்கு மேல் பிழை வரும். டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். பெட்ரோல் பாதி டாங்க். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு நிகராக ஏதாவது வையுங்கள். 25 கிலோ அரிசி மூட்டை மூன்று வைத்தால் என் எடை சரியாக வந்துவிடுகிறது. வீட்டில் இருப்பவர்கள் கேட்டால் காரணம் சொல்லத் தயாராக இருங்கள்.

மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு

நல்ல காயிலோவர்களில் முன்பக்கக் கேம்பரை மாற்ற இரண்டு இடங்கள் உண்டு. பானெட்டைத் திறந்தால் ஸ்டிரட்டின் உச்சியில் தெரியும் கேம்பர் பிளேட் ஒன்று. சக்கரத்தைக் கழற்றினால், ஸ்டிரட்டின் அடிப்பிடியும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் நீள்துளை உள்ள போல்ட் இன்னொன்று. இரண்டும் ஒரே எண்ணைத் தரும். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பல வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் கடந்துபோய்விடுவதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

மேலே உள்ள பிளேட்டை எஞ்சின் பக்கம் தள்ளினால் ஸ்டிரட் முழுவதும் சாய்கிறது. ஸ்டிரட்டோடு நக்கிள், நக்கிளோடு சக்கரம். டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மாறாது. ஸ்டியரிங் சுழலும் அச்சும் கூடவே அதே அளவு சாய்கிறது. இதன் எல்லை உடலில் இருக்கிறது. ஸ்டிரட்டின் உச்சி உட்காரும் டவரின் துளை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான். எல்லை வரை தள்ளியிருந்தால், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பச் சொல்லி, ஸ்பிரிங் டவரின் விளிம்பில் உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கீழே உள்ள நீள்துளையில் மாற்றினால் ஸ்டிரட் கிட்டத்தட்ட தன் இடத்திலேயே நிற்கும். நக்கிளும் சக்கரமும் மட்டும் அதை நோக்கிச் சாயும். ஸ்டியரிங் அச்சு மாறாது. ஆனால் டயரின் உள்சுவர் ஸ்பிரிங் தட்டை நோக்கி நகர்கிறது. இங்கே எல்லை டயர்தான். 86இன் சொந்த ரிம் 17 அங்குலம், 7 அங்குல அகலம், டயர் 215/45. அதற்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. அகல ரிம் போட்டவர்கள் கவனிக்க வேண்டும். டயருக்கும் ஸ்டிரட்டுக்கும் நடுவில் குறைந்தது 5 மில்லிமீட்டராவது இருக்கட்டும். போதவில்லை என்றால் 3 அல்லது 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் போடலாம், அல்லது கீழே கொஞ்சம் விட்டுக்கொடுத்து மேலே எடுத்துக்கொள்ளலாம்.

எதை எப்போது? தெருவில் மட்டும் ஓடும் வண்டி என்றால், கீழே போல்ட்டில் தோராயமாக வைத்துவிட்டு, மேல் பிளேட்டில் நுணுக்கமாகச் சரிசெய்வது என் வழக்கம். மாதம் ஒருமுறை பந்தயத் தடத்துக்குப் போகிறவர் என்றால், கீழே டயர் அனுமதிக்கும் வரை முழுதாகச் சாய்த்துவிட்டு, பிளேட்டை வெளிப்பக்கம் தள்ளினால் தெரு, உள்பக்கம் தள்ளினால் தடம் என்று இரண்டு அடையாளம் போட்டுக்கொள்ளலாம். முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, நான்கு ஆலன் போல்ட்டுகளைத் தளர்த்தி நகர்த்துவது கால் மணி நேர வேலை. அப்படி நகர்த்தும்போது டோவும் நகரும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிளேட்டில் பொறித்திருக்கும் கோடுகளை டிகிரி என்று நினைத்துவிடாதீர்கள். அவை வெறும் அடையாளங்கள். இடப்பக்கம் மூன்றாவது கோடு, வலப்பக்கமும் மூன்றாவது கோடு என்று வைத்துவிட்டு அளந்து பார்த்தால் அரை டிகிரி வித்தியாசம் இருக்கும். ஆலையில் உடலை வெல்டிங் செய்யும்போது வரும் சிறு வேறுபாடு, சக்கரம் என்றோ ஒரு நாள் நடைபாதைக் கல்லில் இடித்தது எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். கோடு சமமாக இருக்க வேண்டியதில்லை. அளவு சமமாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால், சாய்வு குறைவாக உள்ள பக்கம் வண்டி இழுக்கும்.

கீழ் போல்ட்டைத் தளர்த்தினால் தன் எடையிலேயே நக்கிளின் தலை வெளியே சரியும். வேண்டிய இடத்துக்கு உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டே முடுக்குங்கள். ஒரு கை தள்ள, ஒரு கை முடுக்க, இன்னொரு கை எதிர்ப்பக்கம் ஸ்பேனர் பிடிக்க வேண்டும். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வது நல்லது. 86இன் சொந்த போல்ட்டுக்கு முறுக்கு அளவு 155 நியூட்டன் மீட்டர். உங்கள் காயிலோவர் தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதுவே செல்லும். டார்க் ரெஞ்சு இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நீள்துளையில் போல்ட் எதன் மேலும் முட்டி நிற்பதில்லை. இரண்டு இரும்புப் பரப்புகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் உராய்வுதான் உங்கள் கேம்பரைக் காப்பாற்றுகிறது. வருடங்களுக்கு முன் ஒரு வண்டியில் நான் அடிப்பிடியின் உள்முகத்தில் இருந்த பளபளப்பான பவுடர் கோட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு முடுக்கினேன். அழுத்தத்தில் அந்தப் பூச்சு நசுங்கி மெலிந்தது, போல்ட்டின் பிடி தளர்ந்தது. சில நூறு கிலோமீட்டரில் ஒரு பள்ளம். ஸ்டியரிங் கோணலாகிவிட்டது, இடப்பக்கச் சக்கரத்தின் தலை உள்ளே நழுவி, டயரின் உள்சுவரில் ஸ்பிரிங் தட்டு ஒரு வட்டம் வரைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் நெடுஞ்சாலையில் வெடித்திருக்கும். அன்றிலிருந்து நக்கிள் தொடும் பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் போகத் துடைத்து, புது நட்டு போட்டுத்தான் முடுக்குகிறேன். முடுக்கிய பிறகு நட்டிலிருந்து பிடி வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் காயிலோவரில் நீள்துளையே இல்லையென்றால், சொந்த போல்ட்டுக்குப் பதில் சற்று மெலிந்த போல்ட்டோ மையம் விலகிய எக்சென்ட்ரிக் கேம்பர் போல்ட்டோ போடும் வழி உண்டு. நீள்துளையும் எக்சென்ட்ரிக் போல்ட்டும் ஒன்றாக வேண்டாம்.

பின்பக்கம் சுருக்கமாக: 86இன் பின்சக்கரத்தில் ஆலை வைத்துத் தந்த திருகு டோவுக்கு மட்டும்தான். கேம்பரைக் குறைக்க வேண்டுமானால் நீளம் மாற்றக்கூடிய கீழ்க் கைகள் வாங்க வேண்டும். 25 மில்லிமீட்டர் இறக்கிய தெரு வண்டிக்கு அவை தேவையில்லை. முன்பக்கத்தைப் பின்பக்கத்தின் அளவுக்கு அருகில் கொண்டுவந்தால் போதும். இடமும் வலமும் பெரிதாக வேறுபட்டால் மட்டும் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

தூக்குக் குண்டு

அளக்க டிஜிட்டல் கோணமானி இருந்தால் நல்லது. இல்லையென்றால் கொத்தனாரின் தூக்குக் குண்டு இருக்கிறது. சக்கரத்தின் வெளிப்பக்கம், மையத்துக்கு நேராக நூல் தொங்கட்டும். நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து, வித்தியாசத்தை எடுங்கள். 17 அங்குல ரிம்மின் வெளிவிளிம்புகளுக்கு நடுவில் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். அதில் ஒரு டிகிரி என்பது கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். மேல் விளிம்பு நூலிலிருந்து 16 மில்லிமீட்டர் கூடுதல் தூரத்தில் இருந்தால் மைனஸ் 2 டிகிரி. ஒரு மில்லிமீட்டர் பிழையில் எட்டில் ஒரு டிகிரிதான் தவறும். வீட்டு வேலைக்கு இது போதுமானது. சில கடைகளில் சரியாகப் பராமரிக்காத கம்ப்யூட்டர் அலைன்மென்ட் மெஷினைவிட நான் இந்த நூலை நம்புவேன்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் தப்பு. டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை உள்ளே வளைத்து வைத்திருக்கும். வண்டியை நாலு அடி முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டை இரண்டு முறை அழுத்திவிட்டு, பிறகு அளந்து பாருங்கள். ஒவ்வொரு டயருக்கும் அடியில் கிரீஸ் தடவிய இரண்டு தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் உருட்டும் வேலையும் மிச்சம்.

எந்த எண் வைப்பது? தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு முன்பக்கம் மைனஸ் 1.5, பின்பக்கம் இறக்கியதும் எவ்வளவு வந்ததோ அவ்வளவு. வாரக்கடைசியில் மலைப்பாதை ஏறும் வண்டிக்கு முன்பக்கம் மைனஸ் 2 முதல் 2.5. தடத்தில் நல்ல டயரோடு ஓடுகிறவர்கள் முன்பக்கம் மைனஸ் 3ஐத் தாண்டுவார்கள், பின்பக்கத்தை மைனஸ் 2 சொச்சத்தில் வைப்பார்கள். தினசரி வண்டியில் முன்பக்கம் பின்பக்கத்தை நெருங்குவதையும், மற்ற இரண்டிலும் எட்டிப் பிடிப்பதையோ தாண்டுவதையோ கவனியுங்கள். 86 பின்சக்கரங்களால் ஓடும் வண்டி. பின்பக்கத்தை அதிகம் சாய்த்தால், வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் டயரின் பாதி அகலம்தான் தள்ளும்.

டோ: டயரைத் தின்பது இதுதான்

"கேம்பர் வைத்தால் டயர் தின்னுமே?" இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். மைனஸ் 2 கேம்பரும் பூஜ்ய டோவும் உள்ள டயர், உள்தோள் சற்று முந்தித் தேய்ந்தாலும், மதிக்கத்தக்க ஆயுளோடு ஓடும். அதே மைனஸ் 2இல் டோ தப்பினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் உள்பக்கம் கம்பி தெரியும்.

கணக்கு எளிது. ஒரு சக்கரத்தின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட 2 மில்லிமீட்டர் வெளியே பார்க்கிறது என்று வையுங்கள். 45 சென்டிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டர் ஓடும்போது அந்த டயர் 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தரையில் தேய்த்து இழுபடுகிறது. ஒவ்வொரு கிலோமீட்டரும் 4 மீட்டர். அந்தத் தேய்ப்பு முழுவதும், கேம்பரால் எடை கூடிய உள்தோளில் விழுகிறது. பழி கேம்பருக்கு.

கேம்பரை மாற்றினால் டோ ஏன் மாறுகிறது? சக்கரத்தின் தலையை உள்ளே சாய்க்கும்போது நக்கிள் கீழே உள்ள பால் ஜாயிண்டில் சுழல்கிறது. ஸ்டியரிங் டை ராட் பிடித்திருக்கும் இடம் அந்த ஜாயிண்டுக்கு மேலே இருக்கிறது. அதுவும் உள்ளே வரப் பார்க்கும். டை ராட் நீளம் மாறாததால் விடாது. விளைவு, சக்கரம் திரும்பிக்கொள்கிறது. டை ராட் அச்சுக்கு முன்னால் இருக்கும் வண்டியில் சக்கரம் வெளியே பார்க்கும், பின்னால் இருக்கும் வண்டியில் உள்ளே பார்க்கும். உங்கள் வண்டியில் எது என்று படுத்துப் பார்த்துவிடுங்கள். அடுத்த முறை தடத்தில் பிளேட்டை நகர்த்தும்போது டோ எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே தெரியும்.

அளக்க, வண்டியின் இரண்டு பக்கமும் மையக்கோட்டுக்கு இணையாக மீன்பிடி நரம்பு கட்டுவது பழைய முறை. நரம்பை நான்கு சக்கரங்களின் நடுக்கிண்ணத்திலிருந்தும் ஒரே தூரத்தில் கட்டிவிடாதீர்கள். 86இன் முன்சக்கரங்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 1520 மில்லிமீட்டர், பின்சக்கரங்களுக்கு இடையே 1540. சொந்த ரிம் என்றால், முன்பக்கம் நரம்பு ஒவ்வொரு பக்கமும் 10 மில்லிமீட்டர் கூடுதலாகத் தள்ளி நிற்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் நேராக இருந்த வண்டியைச் சிலர் கோணலாக்குகிறார்கள். முன்பக்கம் பூஜ்யம். பின்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் ஒரு மில்லிமீட்டருக்குள் உள்ளே பார்க்கட்டும். பின்பக்கம் வெளியே பார்த்தால் இந்த வண்டி நேர்ச்சாலையிலேயே நெளியும். நரம்பு கட்டப் பொறுமை இல்லாதவர்கள், உயரத்தையும் கேம்பரையும் வீட்டில் முடித்துவிட்டு, டோவுக்கு மட்டும் நல்ல அலைன்மென்ட் கடைக்குப் போகலாம். நம் எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். இல்லையென்றால் மெஷினில் இருக்கும் ஆலை அளவைப் பச்சை நிறத்துக்குக் கொண்டுவருவதே அவர்கள் வேலை என்று நினைத்து, நீங்கள் வைத்த கேம்பரைக் கழற்றிவிடுவார்கள்.

டயர் சொல்வதைக் கேட்பது

தேய்ந்த செருப்பைப் பார்த்து அதைப் போட்டவரின் நடையைச் செருப்பு தைப்பவர் சொல்லிவிடுவார். டயரும் அப்படித்தான். டயரின் வெளித்தோளிலிருந்து பக்கச்சுவர் வரை சாக்பீஸால் மூன்று இடத்தில் கோடு போட்டு, உங்களுக்குப் பழக்கமான வளைவுகளில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பக்கச்சுவரில் வெகுதூரம் கோடு அழிந்திருந்தால் டயர் தோளில் உருள்கிறது. கேம்பர் போதவில்லை, அல்லது காற்று குறைவு. தோளின் விளிம்பு வரைகூட அழியவில்லை என்றால் முன்பணம் அதிகம்.

தடத்துக்குப் போகிறவர்கள் ஊசி முனை வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். சுற்று முடித்து வந்த உடனே ரப்பருக்குள் குத்தி, உள்தோள், நடு, வெளித்தோள் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உள்தோள் வெளித்தோளைவிட ஏழெட்டு டிகிரி செல்சியஸ் சூடாக இருந்தால் நல்ல நிலை. வெளித்தோள் அதிகச் சூடு என்றால் இன்னும் சாய்க்கலாம். நேர்ச்சாலையில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி ஆறவிட்டுவிட்டு அளந்தால் உள்தோள் மட்டும் சூடாகத் தெரிந்து உங்களை ஏமாற்றும். மலேசியாவின் செபாங் மாதிரி வலச்சுற்றாக ஓடும் தடத்தில், 5.543 கிலோமீட்டரில் வலப்பக்க வளைவுகளே அதிகம் என்பதால், இடப்பக்க முன்டயர்தான் அதிகம் உழைக்கும். முதலில் அதைக் குத்திப் பாருங்கள்.

கேம்பர் பிளேட்டில் ரப்பருக்குப் பதிலாக இரும்பு உருண்டைப் பிடிமானம் இருக்கும். பில்லோ பால் என்பார்கள். மோசமான சாலையில் அது "டக் டக்" என்று பேசும். முதல் நாளிலிருந்தே மெல்லப் பேசினால் அது அதன் சுபாவம். ஆறு மாதம் அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று பேச ஆரம்பித்தால் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். மழையும் மண்ணும் அதிகமுள்ள ஊரில் அதன் மேல் ஒரு ரப்பர் மூடி போட்டால் ஆயுள் கூடும்.

வண்டியில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள். உங்கள் நாட்டில் சோதனைச் சான்று தேவையென்றால் அதையும் முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் 200 கிலோமீட்டரில் ஒருமுறை சக்கரங்களைக் கழற்றி, நக்கிள் போல்ட்டுகளில் போட்ட பெயின்ட் கோடுகளைப் பாருங்கள். 500இல் இன்னொரு முறை. ஸ்பிரிங்குகள் அதற்குள் சில மில்லிமீட்டர் உட்கார்ந்திருக்கும். நான்கு மூலையிலும் உயரத்தை அளந்து, மாறியிருந்தால் சரிசெய்து, தூக்குக் குண்டை மறுபடி தொங்கவிடுங்கள். சக்கர நட்டுகளுக்கு 120 நியூட்டன் மீட்டர். அரிசி மூட்டைகளைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்ப அது வரை அவசரப்பட வேண்டாம்.